குடிக்காதவரின் கல்லீரல்

நோய்க்குப் பெயர் மாற்றிவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா போன் செய்து சொன்னாள்.

"சார், இனிமே நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்னு சொல்லக் கூடாதாம். புதுப் பேர் வந்திருக்கு. டிபார்ட்மென்ட் மலர்ல அதைப் பத்தி நீங்க எழுதணும். உங்க அனுபவம். கொஞ்சம் பாசிட்டிவா."

புதுப் பெயரை ஒரே மூச்சில் சொல்லப் பார்த்து, நடுவில் மூச்சு வாங்கினாள். தமிழில் எழுதினால் 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்' என்று வருகிறது. நாம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி கேன்டீனுக்குப் போய் ஒரு செட் பூரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

இருந்தாலும் பழைய பெயர் ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு மனிதருக்குத் 'திருடன் அல்லாத தேவராஜ்' என்று பெயர் வையுங்கள். அவர் தெருவுக்குள் நுழைந்ததும் எத்தனை வீட்டில் தாழ்ப்பாள் விழுகிறது என்று பாருங்கள். 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்' அந்த வகைப் பெயர்தான். 'மது' காதுக்குள் போய்விடும், 'சாராத' வாசலிலேயே நின்றுவிடும். அப்படி ஒருவருடைய மானம் போனதையும், அந்தக் கோபத்திலேயே அவர் சர்க்கரை நோயின் வாசல்வரை நடந்து போனதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பாசிட்டிவாக எழுத முயற்சி செய்கிறேன். வாக்குக் கொடுக்க மாட்டேன்.

என் பெயர் சேவியர். விவேக் நகர்க்காரன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்து, வயது வருவதற்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அவர்களுடைய வக்கீல் என்னைவிட நன்றாகப் படித்தவர்.

பெண்கள் நிறைந்த ஒரு வகுப்பில் உணவியல் படித்தேன். பையன் சமையல் படிக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல வெட்கப்பட்டு, 'மெடிக்கல் லைன்' என்று சொல்லிச் சமாளித்தார் அப்பா. அதன் பிறகு சில வருஷங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உப்பில்லாத உப்புமாவுக்குப் பொறுப்பாளனாக இருந்து பலரின் சாபத்தை வாங்கினேன். அதற்கும் பிறகுதான் வெளிநோயாளிப் பிரிவில் எனக்கு ஒரு மேஜை கிடைத்தது. என்னை 'டயட் சார்' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு, முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள். வழுக்கையன் சீப்பு விற்க வந்த மாதிரி என்று அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும். நானே முந்திக்கொள்வேன்: "விளம்பரத்துல முன், பின்னு ரெண்டு படம் போடுவாங்க இல்ல? முன் நான். பின் நீங்க."

இந்த வசனத்தில் சிரிக்காத ஒரே ஆள் டாக்டர் ஹேமாவதி. சர்க்கரை நோய்ப் பிரிவின் தலைவி. ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். எங்கள் நோயாளிகளில் பாதிப் பேர் தமிழர்கள் என்பதால், அவர்களுக்காகவே தமிழ் கற்றுக்கொண்டவர். எல்லாம் கற்றார், வாக்கியத்தின் வாலில் வரும் 'அல்வா' மட்டும் அவரை விடவில்லை. கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'இல்லையா' என்று அர்த்தம். "சர்க்கரை ஜாஸ்தி ஆயிருக்கு, அல்வா?" என்று அவர் கேட்கும்போது, புதிதாக வந்த தமிழ் நோயாளி நிமிர்ந்து உட்காருவார். "இல்லீங்க டாக்டர், அல்வா சாப்பிடல, ஜாங்கிரிதான்" என்று ஒரு பெரியவர் உண்மையைக் கக்கியே விட்டார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். நோயாளி உட்கார்ந்ததும் கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். 'என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்கவே மாட்டார். கேட்டால் பெங்களூரில் எல்லோருக்கும் ஒரே பதில் தயாராக இருக்கிறது: ராகி முத்தே, அதாவது ராகிக் களி. இந்த ஊரில் வாயால் சாப்பிடுகிற ராகியைவிட டாக்டரிடம் சொல்லப்படுகிற ராகி அதிகம். அதனால் "நேத்து எப்ப எப்ப பசிச்சுது?" என்று கேட்பார். அதற்கு யாரும் பொய் தயார் செய்துகொண்டு வருவதில்லை. பசித்த நேரத்தைச் சொன்னால், சாப்பிட்டது தானாகப் பின்னால் வரும்.

அடுத்து, குனியச் சொல்வார். சட்டைக் காலரை விலக்கிப் பின்கழுத்தைப் பார்ப்பார். சிலருக்கு அங்கே வெல்வெட் துணி மாதிரி தடித்த கருப்புப் பட்டை இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. "இது அழுக்கல்ல ரீ. உள்ளே இன்சுலின் கத்திக்கிட்டே இருக்கு, யாரும் கேக்கலன்னு அர்த்தம்," என்பார்.

கடைசியாக வருவதுதான் அவருடைய முத்திரை. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, கையைக் கட்டிக்கொள்வார்.

"நான் ஏன் ஹேள்தே? ஹேளி."

நான் என்ன சொன்னேன், சொல்லுங்க. நோயாளி தன் வாயால், தன் வார்த்தையில், அதைத் திருப்பிச் சொன்னால்தான் வெளியே விடுவார். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்த ஒரு மேனேஜர், "காட் இட், டாக்டர்," என்று எழுந்தார். "காட் இட் நோய் பேரா? குத்கொள்ளி. ஹேளி," என்று மறுபடி உட்கார வைத்தார். வெளியே க்யூ நீண்டுகொண்டே போகும். நிர்வாகத்துக்கு அந்தக் க்யூ பிடிக்காது. டாக்டருக்கு நிர்வாகம் பிடிக்காது. நடுவில் நான் உட்கார்ந்து இரண்டையும் ரசித்துக்கொண்டிருப்பேன்.

கல்லீரல் கொழுப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன உறவு என்பதை அவர் சொல்லித்தான் நான் புரிந்துகொண்டேன். புத்தகத்தில் படித்திருந்தேன், அது வேறு. அவர் பெங்களூரை வைத்தே சொல்வார்.

"உங்க வீட்ல சம்ப் இருக்கு, அல்வா? தரைக்குக் கீழ் தண்ணித் தொட்டி. கல்லீரல் அந்த சம்ப். சாப்பிட்டா சர்க்கரை வந்து அதுல ரொம்பும். நீங்க தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமா மேல ரத்தத்துக்கு ஏத்தும். மேல் டேங்க் ரொம்பினா ஒருத்தர் கத்துவாங்க, 'மோட்டார் ஆஃப் பண்ணு!' அப்படின்னு. அதுதான் இன்சுலின். சம்ப்ல சேறு மாதிரி கொழுப்பு சேர்ந்துட்டா ஸ்விட்ச் ஸ்ட்ரக் ஆகிடும். எவ்வளவு கத்தினாலும் மோட்டார் ஓடும். காலைல வெறும் வயித்துல பாத்தா சர்க்கரை மாடியில இருந்து வழியுது. 'நான் ராத்திரி ஒண்ணும் சாப்பிடல டாக்டர்'னு அழுவாங்க. நீங்க சாப்பிடல. உங்க மோட்டார் நிக்கல. கத்திக் கத்தி ஒரு நாள் இன்சுலினுக்குத் தொண்டை போயிடும். அப்புறம் அதுக்குப் பேரு டயாபடீஸ்."

கல்லீரலில் கொழுப்பு வந்த எல்லோருக்கும் சர்க்கரை வந்தே தீரும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வந்துவிட்டால் அது கல்லீரலை இன்னும் கெடுக்கும். இரண்டு பக்கமும் திறக்கிற கதவு அது. சேறு கொஞ்சம் வடிந்தாலே ஸ்விட்ச் மறுபடி வேலை செய்யத் தொடங்கும் என்பதுதான் அவர் கொடுத்த ஒரே ஆறுதல். அதனால் ஸ்கேனில் கொழுப்பு என்று வந்த யாரையும் சர்க்கரையைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று சண்டை போடுவார். நோயாளிகளோ, "விடுங்க டாக்டர், இது பெங்களூர் ட்ராஃபிக் மாதிரி. எல்லாருக்கும் இருக்கு," என்பார்கள்.

"ட்ராஃபிக்லயும் ஜனம் சாகறாங்க, அல்வா?"

இனி எபினேசர்.

லிங்கராஜபுரத்தில் ஒரு சபையின் ஹாலில் எங்கள் ஆஸ்பத்திரி மருத்துவ முகாம் போட்டது. விலா எலும்புகளுக்கு நடுவே வைத்துத் தட்டினால் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு என்று காட்டும் பெட்டி ஒன்றைக் கொண்டுபோயிருந்தோம். விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தோம். க்யூவில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு மைக் வைத்திருந்தார்கள். அந்த மைக், முகாம் டாக்டரின் மேஜை மேலேயே இருந்தது. டாக்டர் ஹேமாவதி அன்று வரவில்லை. ஹெல்த் செக்கப் பிரிவிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். நல்ல பையன். ஒரு மனிதருக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் தராதே என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எபினேசருக்கு அப்போது ஐம்பதைத் தொடும் வயது. டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. சபையில் மது ஒழிப்புக் குழுவின் செயலாளர். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் குடிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவார், ஜெபம் செய்வார், அழுவார். அவருடைய அப்பா குடித்துக் குடித்தே கல்லீரல் வீங்கி இறந்தவர். மகனான இவர் கிறிஸ்துமஸ் ஒயினைக்கூடத் தொட்டதில்லை. அந்த ஏரியாவில் எல்லோருக்கும் இது தெரியும். அந்த மனிதருடைய மொத்தச் சொத்தும் அதுதான்.

பெட்டி தட்டியது. கொழுப்பு அதிகம் என்று காட்டியது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆனால் கோட்டை ஒட்டி. இளம் டாக்டர் நிமிர்ந்து, அன்பாகவே சொன்னார்:

"அங்கிள், லிவர்ல கொழுப்பு நிறைய இருக்கு. நான்-ஆல்கஹாலிக் வகையா இருக்கலாம். எதுக்கும் ட்ரிங்க்ஸைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்கோங்க."

மைக் ஆனில் இருந்தது.

ஹால் முழுக்க, மாடிப்படி, வெளியே செருப்பு விடும் இடம் வரைக்கும் கேட்டது. அடுத்து, கொயரில் கட்டைக் குரலில் பாடும் ராஜன் ஆரம்பித்தார்.

"அதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு வீடாப் போறாரா நம்ம பிரதர்? டேஸ்ட் பாக்கவா?"

சிரிப்பு அலை அலையாக எழுந்தது. கூரை பெயர்ந்துவிடும் போலிருந்தது. நான் எழுந்து மைக்கை அணைத்தேன். எபினேசர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கீழே வரைக்கும் எல்லாப் பொத்தானையும் சரிபார்த்துவிட்டு, நடந்து போய்விட்டார். அடுத்து உட்கார வேண்டியவர் ராஜன். அவருடைய கல்லீரலிலும் கொழுப்பு இருந்தது. அது மைக்கில் வரவில்லை.

சில வாரம் கழித்து எபினேசரின் மனைவி ரூத் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூட டீச்சர்.

"சார், அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவே மாட்டேங்கறார். குழுவுல இருந்தும் விலகிட்டார். பார்ல இருந்து வர்றவங்க, 'வா பார்ட்னர்'னு கூப்பிடறாங்களாம். ஆனா உடம்பை நல்லாத்தான் பாத்துக்கறார். எண்ணெய் சுத்தமா நிறுத்தியாச்சு. முட்டை இல்ல, கறி இல்ல."

"பரவால்லையே. வேற என்ன சாப்பிடறார்?"

"கஞ்சி, ரஸ்க். காலைலயும் சாயங்காலமும் கரும்பு ஜூஸ். நடுவுல க்ளுகோஸ் தண்ணி. லிவருக்கு நல்லது இல்லீங்களா?"

என் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்; குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

எங்கே தவறு நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்மவர்களுக்குக் கல்லீரலில் இரண்டே இரண்டு வியாதிதான். ஒன்று குடி, இன்னொன்று மஞ்சள் காமாலை. குடிக்கவில்லையா, அப்படியானால் காமாலை. காமாலைக்கு என்ன செய்வோம்? எண்ணெயை நிறுத்துவோம், கரும்புச் சாறு கொடுப்போம். இதில் முட்டாள்தனம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வீடு பழகிய வைத்தியம், தப்பான விலாசத்துக்குப் போய்விட்டது. சேறு நிறைந்த சம்ப்பில், மோட்டார் நிற்காமல் ஓடும் சம்ப்பில், அந்த மனிதர் தினமும் இரண்டு வேளை டேங்கர் லாரியால் சர்க்கரைத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி எழுந்திருக்கறாரா?"

"அடிக்கடி எழுந்து பாத்ரூம் போறார். தாகம்னு தண்ணி குடிக்கறார். ஜூஸ் வேலை செய்யுது, அழுக்கெல்லாம் வெளிய போகுதுன்னு சொல்றார் சார்."

டாக்டரிடம் ஓடினேன். "கரும்பு ஜூஸா? அய்யோ தேவ்ரே," என்று நாற்காலியில் சாய்ந்தார். உடனே நிமிர்ந்தார். "கூட்டிட்டு வாங்க. இந்த வாரமே. தூக்கிட்டாவது வாங்க."

தூக்குவதற்குச் சரியான ஆளைத்தான் பிடித்தார். மாடிப்படியில் என்னையே நான் தூக்க முடியாது.

கடைக்குப் போனேன். எபினேசர் குனிந்து பிரேக் ஷூ தேடிக்கொண்டிருந்தார். காலருக்கு மேலே, பின்கழுத்தில், அந்தக் கருப்பு வெல்வெட் பட்டை. அது என்னைப் பார்த்துக் கத்திய மாதிரி இருந்தது.

"டயட் சாரா? உங்க ஆஸ்பத்திரிக்கு நான் வர மாட்டேன்."

"பிரதர், ஜூஸை மட்டும் இன்னைக்கே நிறுத்துங்க. மீதியை அப்புறம் பேசலாம்."

"குடிக்காதவனைக் குடிகாரன்னு சொன்னீங்க. இப்ப ஜூஸ் குடிக்கறவனைக் குடிக்காதேன்னு சொல்றீங்க. உங்க பேச்சை எதுக்கு சார் கேக்கணும்?"

"தப்பு எங்களோடது. அந்த டாக்டர் வருத்தப்படறார். மைக் ஆன்ல இருந்தது அவருக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. ஊருக்கு மட்டும் தெரிஞ்சுது." பிரேக் ஷூவைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். "எங்கப்பா செத்தப்ப, சாராயத்துல செத்தவன்னு சொல்லிக் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்கக்கூட ஆள் வரல சார். அன்னைக்கு முடிவு பண்ணேன், என் பேர்ல அந்த வாடை வரக்கூடாதுன்னு. ஒரே நிமிஷத்துல பூசிட்டீங்க. தனியா என் கடைக்கு வந்து சாரின்னா அது எப்படி சாரி ஆகும்? அதே ஹால். அதே மைக். அங்க சொல்லுங்க. நான் அன்னைக்கே வந்து உங்க முன்னாடி கையை நீட்டறேன், எவ்வளவு ரத்தம் வேணுமோ எடுத்துக்கோங்க."

இதில் நியாயம் இல்லை என்று எந்த மடையனாவது சொல்வானா? சொன்னான். எங்கள் மக்கள் தொடர்பு அதிகாரி சொன்னார்.

"சார், மைக்ல போய்ச் சொன்னா நாமளே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். லீகலா பிரச்சினை. அந்த ஐயாவை ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க."

"மானத்தை எப்படி சார் அட்ஜஸ்ட் பண்றது? ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கு?"

"நீங்க ஜோக் அடிக்கறீங்க. ஆஸ்பத்திரி சார்புல யாரும் போகக் கூடாது. இது இன்ஸ்ட்ரக்‌ஷன்."

நான் சுபாவத்தில் தைரியசாலி இல்லை. கூட்டமான பஸ்ஸில் 'கொஞ்சம் நகருங்க' என்று சொல்லவே இரண்டு ஸ்டாப் யோசிப்பவன். ஆனால் அன்று எனக்குள் எதுவோ ஸ்ட்ரக் ஆகிவிட்டது. ஒரு மனிதர் இரண்டு கண்ணும் இரண்டு சிறுநீரகமும் போகிற பாதையில் நடந்துகொண்டிருக்கிறார். அவரைத் திருப்பத் தேவைப்படுவது ஒரு மைக். அதைக் கொடுக்க இவர்களுக்கு வக்கீல் வேண்டும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் டைரியெல்லாம் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் ஃப்ரீ. நீங்க?"

"டாக்டர், நீங்களே பேசுங்க. நீங்க பேசினா எடை இருக்கும்."

"எடை உங்களுக்குத்தான் ஜாஸ்தி, அல்வா?" என்றார். அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். "தமிழ் உங்க வேலை. நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். நிர்வாகம் கேட்டா, என் பேரைச் சொல்லுங்க."

பாஸ்டர் தயங்கினார். ஆராதனை முடிந்து ஹாலில் டீ கொடுக்கும் நேரத்தில் பேசலாம் என்றார். அதே ஹால். அதே மைக். ஒவ்வொரு கையிலும் சர்க்கரை போட்ட டீ, க்ரீம் பிஸ்கட். என் தொழிலுக்கு இதைவிட மோசமான மேடை கிடையாது. எபினேசர் ஜன்னல் ஓரமாகக் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தார். பக்கத்தில் ரூத்.

மைக்கைத் தட்டிப் பார்த்தேன். ஆனில் இருந்தது. இந்த முறை தெரிந்தேதான்.

"போன முகாம்ல இந்த மைக்ல ஒரு தப்பு நடந்துச்சு," என்றேன். "பிரதர் எபினேசர் ட்ரிங்க்ஸைக் குறைக்கணும்னு எங்க ஆள் சொன்னார். அது தப்பு. குறைக்கறதுக்கு அவர்கிட்ட ஒரு சொட்டும் இல்ல. நான் விவேக் நகர் கத்தோலிக்கன். கிறிஸ்துமஸுக்கு ஒயின் குடிச்சிருக்கேன். எல்லா வருஷமும் கிறிஸ்துமஸோட நின்னதும் இல்ல. அதே பெட்டியால என் ஈரலையும் தட்டிப் பாத்தாங்க. எனக்கும் கொழுப்பு இருக்கு. ஆனா பிரதரைவிடக் கம்மி. கொழுப்பு குடிக்குத்தான் கூலின்னா, கணக்கு உதைக்குதே?"

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் உற்சாகமாகக் கை தட்டினார்கள். முகத்தைப் பார்த்ததும் எபினேசரின் சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் என்று தெரிந்தது.

"கை தட்டறவங்க உக்காருங்க. குடிச்சா ஈரல் கெடும். அதுல பிரதர் சொல்றது நூத்துக்கு நூறு. குடிக்காமலும் கொழுப்பு வரும்ங்கறதுதான் நான் சொல்ல வந்தது. சோத்துல வரும், இனிப்புல வரும், உக்காந்தே இருந்தா வரும், அப்பா அம்மா வழியாவும் வரும். வந்தா, பின்னாடியே சர்க்கரை நோய் வரலாம்."

பிறகு சம்ப் கதையைச் சொன்னேன். மோட்டார், சேறு, ஸ்விட்ச், மாடியில் வழிகிற தண்ணீர். பெங்களூர்க்காரர்களுக்கு வேறு எந்த உவமையும் இவ்வளவு வலிக்காது. "ஆமா, எங்க மாடி வீட்டுக்காரன் இப்படித்தான்," என்று ஓர் அம்மா பெருமூச்சு விட்டார். முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினேன். கடைசி வரிசையில் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நான் என்ன சொன்னேன்? யாராவது சொல்லுங்க."

எல்லோரும் தங்கள் டீக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அப்போது எபினேசர் ஜன்னலிலிருந்து நடந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நான் குடிகாரன் இல்லன்னு சொன்னார்," என்றார். "என் ஈரல்ல கொழுப்பு இருக்குன்னும் சொன்னார். ரெண்டும் உண்மை. அப்புறம்... மோட்டார் நிக்கலன்னு சொன்னார்." என் பக்கம் திரும்பினார். மைக்கில்தான் கேட்டார்: "அப்போ கரும்பு ஜூஸ்?"

"சேத்துல தண்ணி ஊத்தறது பிரதர்."

ஹாலில் நாலா பக்கமும் ஒரு முனகல் கேட்டது. எபினேசர் மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். முகாமில் கொழுப்பு என்று கேள்விப்பட்ட பாதிச் சபை அந்த மாதம் முழுக்கத் தெருமுனைக் கரும்பு ஜூஸ் வண்டியில்தான் நின்றிருக்கிறது. ராஜன் தன் க்ரீம் பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் திருப்பி வைத்தார். அதே கட்டைக் குரலில், ஆனால் மெதுவாக, "பிரதர், அன்னைக்கு நான் பேசினது..." என்று தொடங்கினார்.

"மைக்ல சொல்லு," என்று நீட்டினார் எபினேசர்.

ராஜன் சொன்னார். கொயரில் அவர் அவ்வளவு சுருதியோடு எப்போதும் பாடியதில்லை.

எபினேசர் வாக்குத் தவறவில்லை. அங்கேயே கையை நீட்டினார். மறுநாள் வெறும் வயிற்றில் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் கோட்டைத் தாண்டியிருந்தார், கொஞ்சம்தான். டாக்டர் ஹேமாவதி அதை மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. "உள்ளே வந்துட்டீங்க. பாகிலு, அந்தக் கதவு, இன்னும் தெறந்திருக்கு. திரும்பிப் போகலாம், அல்வா?" ஜூஸ் நின்றது. க்ளுகோஸ் நின்றது. சோறு பாதியானது, முட்டை, பருப்பு, கீரை திரும்பி வந்தன. தினமும் நடந்தார். அடுத்த வருஷத்துக்குள் எடை இறங்கியது, கழுத்துக் கருப்பு மங்கியது, சர்க்கரை கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று டாக்டர் ஒருபோதும் சொல்லவில்லை. "கதவு பக்கத்துலயேதான் இருக்கீங்க, மறக்காதீங்க," என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். திருப்பியும் சொல்ல வைத்தார்.

என்னை மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு, வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எதற்கு வருத்தம் என்று கேட்டேன். நிறுவனத்தின் அனுமதியில்லாமல் உண்மை பேசியதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு வார்த்தைகளில் அதைத்தான் சொன்னார்கள். போட மாட்டேன் என்றேன். அதன் பிறகு எனக்கு மேஜை மாறியது, ஜன்னல் போனது, பதவி உயர்வு என்ற சொல்லே என் பக்கம் வரவில்லை. டாக்டர் ஓய்வு பெற்றதும் க்யூவும் குறைந்தது. யாரும் யாரையும் திருப்பிச் சொல்ல வைப்பதில்லை. கடைசியில் உணவு ஆலோசனைக்கு ஒரு செயலி கொண்டுவந்தார்கள். சோதித்துப் பார்க்க என் பெயரைப் போட்டு, கல்லீரல் கொழுப்பு என்று தட்டினேன். 'மதுவைக் குறைத்துக்கொள்ளுங்கள் சேவியர்' என்று அன்போடு பதில் வந்தது. என் விஷயத்தில் அது நியாயம்தான். ஆனால் எபினேசர் பெயரைப் போட்டபோதும் அதையேதான் சொன்னது. அன்று மாலை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே பவித்ரா, புதுப் பெயரைத் தாராளமாக வைத்துக்கொள். அதில் மதுவும் இல்லை, அவமானமும் இல்லை; நல்லது. ஆனால் பெயர் மாறியதால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. அந்த நீளப் பெயரைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, 'நான் என்ன சொன்னேன், சொல்லுங்க' என்று கேள். பதிலில் பிராந்தியோ கரும்பு ஜூஸோ வந்தால், முதலிலிருந்து ஆரம்பி. க்யூ நீளும். நீளட்டும். மேலே இருந்து போன் வரும். வரட்டும். இந்தப் பத்தியை மலரில் வெட்டினால் கட்டுரையே வேண்டாம் என்று சொல்லிவிடு.

நானும் எபினேசரும் இப்போது காலையில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் அடியில் நடக்கிறோம். என் கொழுப்பு இன்னும் என்னோடுதான் இருக்கிறது, முன்னைவிடக் கொஞ்சம் மரியாதையோடு. எபினேசர் மது ஒழிப்புக் குழுவில் மறுபடியும் செயலாளர். கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் அவரைப் பார்த்தாலே, "ஐயா, சாராயக் கடையைத்தானே மூடச் சொன்னீங்க, என் வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கும்பிடு போடுகிறார்.

போன வாரம் மேட்டில் ஏறும்போது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். எதிரே ஒயின் ஷாப்பின் ஷட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா பிரதர், தள்ளாடுறீங்க ரெண்டு பேரும்? நேத்து ராத்திரி ஜாஸ்தியா?"

எனக்கு ரத்தம் ஏறியது. வாயைத் திறந்தேன். எபினேசர் என் கையை அழுத்தினார். முகத்தில் கோபத்தின் நிழல்கூட இல்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, மைக் இல்லாமலே சொன்னார்:

"ஆமாம்ப்பா. சோறு."